அளவும் அமானிதமும்: ஒரு கம்பள நிறுவனத்தின் கரிமக் கணக்கு

மத்யன் நகர மக்களிடம் அனுப்பப்பட்ட ஷுஐப் (அலை) அவர்களின் அழைப்பைத் திருமறை எடுத்துரைக்கும் முறை ஆழ்ந்து நோக்கத்தக்கது. இறைவன் ஒருவனையே வணங்குமாறு அவர்கள் பணித்தார்கள். அளவையையும் நிறுவையையும் நிறைவாகக் கொடுக்குமாறு பணித்தார்கள். சீராக்கப்பட்ட பூமியில் சீர்கேடு விளைவிப்பதைத் தடுத்தார்கள் (7:85). ஓரிறைக் கொள்கைக்கும் உலகின் நலத்துக்கும் நடுவே ஒரு கடைத் தராசு நிற்கிறது. அர்ரஹ்மான் அத்தியாயத்திலும் (55:7–9) இதே நெருக்கத்தைக் காண்கிறோம். வானம் உயர்த்தப்பட்டதைச் சொல்லும் இடத்தில் 'மீஸான்' என்னும் சொல் வருகிறது. வணிகன் கையிலுள்ள நிறுவையைச் சொல்லும் இடத்திலும் அதே சொல்லே வருகிறது. அண்டத்தின் சமநிலையும் அங்காடியின் நேர்மையும் வெவ்வேறல்ல என்பதே இதன் உட்பொருள் என நாம் கொள்கிறோம்.

புவி வெப்பமடைதல் பற்றிய இன்றைய விவாதங்களில் இவ்வுண்மை புதிய பொருளோடு வெளிப்படுகிறது. உலகின் பெருநிறுவனங்கள் பலவும் தாம் வெளியேற்றும் கரியமில வாயுவைக் குறைத்து வருவதாக அறிவிக்கின்றன. அவற்றுள் எது மெய், எது விளம்பரம் என்று பிரித்தறிய வேண்டுமாயின் அளக்கும் முறையை நாம் அறிந்திருத்தல் வேண்டும். அதற்குத் தக்க எடுத்துக்காட்டாக, கால் நூற்றாண்டுக்கும் மேலாக இம்முயற்சியில் ஈடுபட்டுவரும் இன்டர்ஃபேஸ் என்னும் அமெரிக்கக் கம்பள நிறுவனத்தின் வரலாற்றை இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

கம்பளத்தின் பின்னுள்ள கச்சா எண்ணெய்

ஜார்ஜியா மாநிலத்தின் லாக்ரேஞ்ச் நகரில் ரே ஆண்டர்சன் (1934–2011) என்பவர் 1973-ஆம் ஆண்டு இந்நிறுவனத்தைத் தொடங்கினார். அலுவலகத் தரைகளில் சதுரம் சதுரமாகப் பதிக்கப்படும் கம்பளத் துண்டுகளே இதன் சரக்கு. கம்பளம் என்றதும் நம் நினைவுக்கு வருவது ஆட்டு மயிரும் தறியும்தான். இந்த ஆலைக் கம்பளமோ பெட்ரோலியத்தின் பிள்ளை. மேற்புறத்து இழை நைலான், அடிப்புறம் நெகிழி. இரண்டும் கச்சா எண்ணெயிலிருந்தும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் பிறப்பவை; உருக்கவும் சாயமேற்றவும் உலர்த்தவும் வெப்பம் வேண்டும். சிலவகை நைலானுக்கான மூலப்பொருளைத் தயாரிக்கையில் நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயுவும் வெளிப்படுகிறது. அது எடைக்கு எடை கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 270 மடங்கு வெப்பத்தைத் தேக்க வல்லது. பயன்பட்டுத் தேய்ந்த கம்பளம் இறுதியில் குப்பைமேட்டை அடைந்து, மக்காமல் கிடக்கும்.

1994-ஆம் ஆண்டு, சுற்றுச்சூழலுக்கு இந்நிறுவனம் என்ன செய்கிறது என்று வாடிக்கையாளர் சிலர் வினவத் தொடங்கினர். அதுபற்றித் தம் அலுவலர்களிடையே உரையாற்ற வேண்டிய நிலை ஆண்டர்சனுக்கு ஏற்பட்டது. சட்டத்துக்குக் கீழ்ப்படிகிறோம் என்பதற்கு மேல் சொல்வதற்கு அவரிடம் ஒன்றுமில்லை. அவ்வேளையில் பால் ஹாக்கன் எழுதிய, வணிகத்துக்கும் இயற்கைக்கும் உள்ள உறவை ஆராயும் நூல் ஒன்று அவர் மேசைக்கு வந்து சேர்ந்தது. படித்தவர் தம்மையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொண்டார். பூமியைக் கொள்ளையிடுவோருள் தாமும் ஒருவர் என்று அவர் பின்னாளில் மேடைதோறும் வெளிப்படையாகக் கூறினார். 2020-ஆம் ஆண்டுக்குள் தம் நிறுவனம் சுற்றுச்சூழலுக்கு இழைக்கும் தீங்கை முற்றாக ஒழிப்பது என்னும் இலக்கு அவ்விழிப்பிலிருந்தே பிறந்தது.

வீண்விரயம் என்னும் முதல் எதிரி

ஓடும் ஆற்றின் கரையில் இருந்தாலும் உளூவுக்கு நீரை விரயம் செய்யலாகாது என்று வரும் அறிவிப்பை நம் வாசகர்கள் அறிவர். தட்டுப்பாட்டைக் கண்டு அஞ்சுவதால் மட்டும் 'இஸ்ராஃப்' தடுக்கப்படவில்லை. மிகுதியாக இருக்கும் இடத்திலும் அது தடுக்கப்பட்டதே. ஆண்டர்சனின் நிறுவனமும் தன் பணியை விரயத்தை ஒழிப்பதிலிருந்தே தொடங்கியது.

1997-இல் ஷாங்காய் நகரில் இந்நிறுவனம் அமைத்த ஆலையில் நடந்த ஒரு செய்தி பொறியியலாரால் இன்றும் பேசப்படுகிறது. வெப்பத் திரவத்தைச் சுற்றவைக்கும் குழாய் அமைப்புக்கு மொத்தம் 95 குதிரைத்திறன் கொண்ட பம்புகள் தேவையென முதலில் திட்டமிடப்பட்டிருந்தது. பொறியாளர் ஒருவர் குழாய்களை அகலமாக்கினார். இயந்திரங்களை முதலில் நிறுத்திவிட்டு அவற்றைச் சுற்றி வளைத்துக் குழாய் இடும் வழக்கத்தை மாற்றி, குழாய்களை நேராகவும் குறுகிய தொலைவிலும் வகுத்தபின் இயந்திரங்களுக்கு இடம் ஒதுக்கினார். தேவை 7 குதிரைத்திறனாகச் சுருங்கியது. குழாயின் விட்டம் இருமடங்கானால், அதே அளவு நீர்மம் ஓடும்போது உராய்வினால் ஏற்படும் இழப்பு ஏறத்தாழ முப்பத்திரண்டில் ஒரு பங்காகிவிடும் என்பது பழைய இயற்பியல் விதிதான். புதுக் கருவி எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. பழக்கம் ஒன்றே கைவிடப்பட்டது.

இவ்வழியில் வேறு பல மாற்றங்களும் தொடர்ந்தன. லாக்ரேஞ்ச் நகரக் குப்பைமேட்டில் எழும் மீத்தேன் வாயுவைக் குழாய்வழிக் கொணர்ந்து ஆலையில் எரிபொருளாக்கினர். காட்டின் தரையில் சருகுகள் ஒழுங்கின்றி விழுந்தும் அழகு குன்றாதிருப்பதைக் கண்டு, எந்தத் துண்டை எந்தத் திசையில் பதித்தாலும் பொருந்தும் வடிவமைப்பை 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். பதிக்கையில் வெட்டி எறியப்படும் துண்டுகள் இதனால் குறைந்தன. பிலிப்பைன்ஸ் நாட்டின் டனாஜோன் கடற்பகுதியில் மீனவர் கைவிட்ட நைலான் வலைகளை விலைகொடுத்து வாங்கி மீண்டும் இழையாக்கும் திட்டம், லண்டன் விலங்கியல் கழகத்தின் துணையுடன் 2012-இல் தொடங்கப்பட்டது. கம்பளத்தை விற்காமல் வாடகைக்கு விட்டுத் தேய்ந்தபின் திரும்பப் பெறும் திட்டமோ சந்தையில் எடுபடவில்லை. விரயத்தை ஒழித்ததால் மிச்சமான தொகை 40 கோடி டாலரை எட்டியதாக 2009-இல் ஆண்டர்சன் கூறினார். நேர்மைக்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று அஞ்சுவோர் இதனைக் கருத்தில் கொள்ளலாம்.

எதனை, எதுவரை அளப்பது?

நிறுவனங்கள் தம் உமிழ்வைக் கணக்கிடுவதற்கான பொது வழிகாட்டி ஒன்று 2001-இல் வெளியானது. இன்று உலகெங்கும் பின்பற்றப்படும் அக்கணக்கு மூன்று வட்டங்களைக் கொண்டது. ஆலையின் சொந்தக் கொதிகலனும் வாகனங்களும் வெளியிடும் புகை முதல் வட்டம். விலைக்கு வாங்கும் மின்சாரத்துக்காக மின்நிலையத்தில் எழும் புகை இரண்டாம் வட்டம். மூலப்பொருளை உண்டாக்கியவர் முதல், பொருளைப் பயன்படுத்தித் தூக்கியெறிபவர் வரை அனைவரிடமும் விளையும் உமிழ்வு மூன்றாம் வட்டம். கம்பள நிறுவனத்தைப் பொறுத்தவரை பெரும்பகுதி இந்த மூன்றாம் வட்டத்தில்தான் இருக்கிறது. நைலானை உருவாக்குவது வேறொருவருடைய ஆலையன்றோ!

2020-க்கான இலக்கை எட்டிவிட்டதாக இன்டர்ஃபேஸ் 2019-இல் அறிவித்தது. 1996-ஐ ஒப்பிட, தன் ஆலைகளின் உமிழ்வு உற்பத்தி அலகு ஒன்றுக்கு 96 விழுக்காடு குறைந்துள்ளது என்றது. மூலப்பொருளையும் சேர்த்துப் பார்க்கும் கம்பளத் துண்டின் கணக்கிலோ குறைவு 69 விழுக்காடு. இரு எண்களும் மெய்யே. வட்டம் விரிய விரிய எண் இறங்குவதையே இவை காட்டுகின்றன.

'அலகு ஒன்றுக்கு' என்னும் சொல்லையும் நாம் கவனித்தாக வேண்டும். ஒரு சதுர மீட்டர் கம்பளத்துக்கான உமிழ்வு பாதியாகி, உற்பத்தி இருமடங்கானால் வானில் சேரும் வாயுவின் அளவு சிறிதும் குறைவதில்லை. வளிமண்டலம் மொத்தத்தையே அறியும், விகிதத்தை அறியாது. இந்நிறுவனம் பின்னர், முதலிரு வட்டங்களின் மொத்த உமிழ்வை 2019-இன் அளவிலிருந்து 2030-க்குள் பாதியாக்குவது என்னும் இலக்கை ஏற்றது. விகிதக் கணக்கிலிருந்து மொத்தக் கணக்குக்கு மாறிய இம்மாற்றம் வெளியார் கண்ணில் படாவிடினும் மிக இன்றியமையாதது.

ஈரத் தானியம்

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அங்காடியில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டதையும், நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று அவ்வணிகரைக் கடிந்துகொண்டதையும் ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்கிறது. அளவையும் நிறுவையையும் கண்காணிக்கும் 'முஹ்தஸிப்' என்னும் அலுவலரின் கடமைகளை இமாம் மாவர்தீ (மறைவு ஹிஜ்ரி 450) தமது ஆட்சியியல் நூலில் தனி அத்தியாயமாக வகுத்தார்கள். குவியலின் மேற்பரப்பைக் கண்டு தீர்ப்பளிக்காதிருத்தலே இம்மரபின் உயிர்.

நம் காலத்திலும் ஈரத் தானியங்கள் உண்டு. 2015-ஆம் ஆண்டு செப்டம்பரில், ஃபோக்ஸ்வாகன் நிறுவனத்தின் டீசல் கார்கள் சோதனைக் கூடத்தில் ஓடுகையில் மட்டும் நச்சுப் புகையைக் கட்டுப்படுத்தும் மென்பொருளைக் கொண்டிருந்ததை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வெளிப்படுத்தியது. சோதிப்பவருக்கு ஓர் அளவு, சாலையில் மூச்சுவிடுபவருக்கு வேறோர் அளவு. அல்முதஃப்பிஃபீன் அத்தியாயம் (83:1–3) கண்டிக்கும் இரட்டை அளவைக்கு இதனினும் பொருத்தமான இக்காலச் சான்று வேண்டுமோ?

குறைத்தலும் ஈடுசெய்தலும்

சட்டத்துக்கு உட்பட்டும் அளவு வழுவ இடமுண்டு. நிறுவனம் ஒன்று தன் புகையைக் குறைக்காமல், வேறெங்கோ மரம் நடுவோருக்கோ காட்டைக் காப்போருக்கோ பணம் கொடுத்து ஈட்டுச் சான்றுகளை வாங்கி, தன் கணக்கில் கழித்துக்கொள்ள இயலும். அம்மரம் எவ்வாறாயினும் நடப்பட்டிருக்குமா, நாளை தீயில் கருகுமா என்பவற்றை உறுதிசெய்வது அரிது. புகையோ இன்றே வானில் சேர்ந்துவிடுகிறது.

தவ்பாவுக்கான நிபந்தனைகளை இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் 'ரியாளுஸ் ஸாலிஹீன்' நூலில் வரிசைப்படுத்தும்போது, பாவச் செயலை விட்டு விலகுவதை முதலில் வைக்கிறார்கள். வருந்துதலும், மீளாதிருக்க உறுதி பூணுதலும், பிறர் உரிமை பறிக்கப்பட்டிருப்பின் அதைத் திரும்பச் செலுத்துதலும் அதன்பின் வருகின்றன. செயலை விடாமல் ஈடு மட்டும் செலுத்துவதற்கு அங்கே இடமில்லை. கரிமக் கணக்கை நோக்குவதற்கும் இவ்வரிசை நமக்கு நல்லதோர் உரைகல்லாகும்.

2018-இல் இன்டர்ஃபேஸ் தன் தரைவிரிப்புகள் அனைத்தும் கரிமச் சமன் உடையவை என விளம்பரம் செய்தது. எஞ்சிய உமிழ்வை ஈட்டுச் சான்றுகளால் கழித்தே அப்பெயரைப் பெற்றது. 2024-இலோ அச்சான்றுகளைக் கைவிடுவதாகவும், அவற்றின் துணையின்றியே 2040-க்குள் வெளியிடுவதைவிட மிகுதியான கரிமத்தை ஈர்க்கும் நிலையை எட்ட முயல்வதாகவும் அறிவித்தது. சந்தையில் மதிப்புள்ள ஒரு பட்டத்தைத் தானே துறந்து, குறைத்தல் என்னும் கடினமான வழிக்கு அது திரும்பியது. இந்நிறுவனம் குறையற்றது என்று நாம் கூறவில்லை. அது இன்றும் நெகிழியைத்தான் விற்கிறது. 2040-இன் இலக்கு நிறைவேறுமா என்பதைக் காலமே காட்டும். ஆயினும் 96 விழுக்காட்டு அறிவிப்பைக் காட்டிலும் இத்துறவு நம்மை மிகுதியாகக் கவர்கிறது.

நம் வாசலுக்கு வரும் கணக்கு

இது தொலைதூரத்துச் செய்தியன்று. மேலைநாட்டு நிறுவனத்தின் மூன்றாம் வட்டம், அதற்குப் பொருள் அனுப்பும் நம் ஊர் ஆலையின் முதல் வட்டமாகும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் தோல் தொழிலில் தலைமுறைகளாக ஈடுபட்டுள்ள நம் சமுதாயத்தாரின் ஏற்றுமதிப் பொருள்களும் அக்கணக்குக்குள் அடங்குவனவே. பாலாற்றுப் படுகையின் தோல் ஆலைகள் குறித்த வழக்கில்தான், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்னும் கொள்கையை 1996-இல் இந்திய உச்சநீதிமன்றம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்றது. அதே படுகையின் துயர் குறித்து 2025 ஜனவரியில் மீண்டும் தீர்ப்பளிக்க நேர்ந்தது. தீங்கு அகற்றப்படுதல் வேண்டும் என்னும் ஃபிக்ஹு விதியை மதரஸாக்களில் ஓதிய சமுதாயம், நீதிமன்றம் சொல்லும்வரை காத்திருந்திருக்க வேண்டியதில்லை.

2015 ஆகஸ்டில் இஸ்தான்புல் நகரில் கூடிய முஸ்லிம் அறிஞர்கள் வெளியிட்ட பருவநிலைப் பிரகடனம் வணிக நிறுவனங்களுக்கும் பொறுப்பை உணர்த்தியது. 2024 பிப்ரவரியில் நைரோபியில் 'அல்மீஸான்' என்னும் பெயரிலேயே பூமிக்கான உடன்படிக்கை ஒன்று வெளியிடப்பட்டது. பிரகடனங்கள் வரவேற்கத்தக்கவை. ஆனால் அவை பயன்தருவது ஆலையின் கணக்கேட்டில் அவை இடம்பெறும் நாளில்தான். கொதிகலன் எவ்வளவு எரிக்கிறது, கழிவு நீர் எங்கே செல்கிறது, இந்த எண் எதனால் வகுக்கப்பட்டது, எவ்வட்டத்தில் நிறுத்தப்பட்டது என்று கேட்பவரும், மறைக்காமல் விடையளிப்பவரும் நம்மிடையே பெருக வேண்டும். பூமி நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதன் கணக்கை இங்கேயே சரிபார்த்துக்கொள்வோருக்கு மறுமையின் மீஸான் எளிதாகுமென நம்புகிறோம், அல்லாஹ்வே நன்கறிந்தவன்.