உங்களுக்குத் தெரியுமா? இரண்டாம் முறை மூட்டு மாற்று

செயற்கை மூட்டு எத்தனை வருடம் தாங்கும்? 2019இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வின்படி, முழு முழங்கால் மாற்றில் சுமார் 82 சதவீதமும் இடுப்பு மூட்டு மாற்றில் சுமார் 58 சதவீதமும் 25 ஆண்டு உழைக்கின்றன.

வயதுதான் இதில் பெரிய விஷயம். பிரிட்டனில் எடுத்த கணக்குப்படி, 70 வயதுக்கு மேல் மாற்றிக்கொள்பவர்களில் ஏறத்தாழ 5 சதவீதத்தினருக்கே மறு அறுவை தேவைப்படுகிறது. ஐம்பதுகளின் தொடக்கத்தில் இருக்கும் ஆண்களுக்கோ அது 35 சதவீதம் வரை போகிறது. அந்த வயதில் மூட்டு மாற்றச் சொன்னால், அடுத்த அறுவையைப் பற்றியும் டாக்டரிடம் அப்போதே கேட்டுவிடுங்கள்.

ஏனென்றால், இரண்டாம் முறை முதல்முறை போல இருக்காது. எலும்போடு இறுகிய பழைய மூட்டைப் பெயர்த்தெடுக்கும்போது எலும்பும் கொஞ்சம் போகும். அதை ஈடுகட்ட நீண்ட தண்டுள்ள மூட்டு வேண்டியிருக்கும். கிருமித் தொற்று என்றால் பாடு இன்னும் அதிகம். பெரும்பாலும் மூட்டை அகற்றி, ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட்டைத் தற்காலிகமாக வைத்து, வாரக்கணக்கில் மருந்து கொடுத்து, தொற்று அடங்கிய பிறகே புது மூட்டு பொருத்துவார்கள். ஆக, இரண்டு ஆபரேஷன். முழங்காலில் ஒவ்வொரு மறு மாற்றும் முந்தையதைப் போல ஏறக்குறைய பாதிக் காலமே தாங்குகிறது என்கிறது பிரிட்டனின் மூட்டு மாற்றுப் பதிவேடு.

செலவு? 2017 ஆகஸ்டில் இந்திய அரசு விலை உச்சவரம்பு விதித்தபோது, வழக்கமான கோபால்ட் குரோமியம் முழங்கால் மூட்டுக்கு 54,720 ரூபாய். மறு அறுவைக்கான மூட்டுக்கு 1,13,950 ரூபாய். வரி தனி. ஆஸ்பத்திரிச் செலவும் இதில் சேராது.