ஆக்ஸா பிளேடும் பசிபிக் சமுத்திரமும்

சிட்னித் துறைமுகத்தின் பெரும் பாலம் இன்னும் போக்குவரத்துக்குத் திறக்கப்படாமல் இருந்த காலத்தில், 1931-ஆம் ஆண்டின் கடைசி நாளன்று, அந்தத் துறையிலிருந்து 18 அடி நீளமுள்ள, மேல்தளம் இல்லாத ஒரு பாய்மரப் படகில், 45 வயதுத் தச்சுத் தொழிலாளி ஒருவர் தன்னந்தனியாகப் புறப்பட்டார். அவர் பெயர் பிரெட் ரெபெல். அவர் போய்ச் சேர எண்ணிய இடம் அமெரிக்கா. நேர்கோடாகக் கணக்கிட்டாலும் சுமார் 6,500 கடல் மைல் தூரம். காற்றையும் நீரோட்டத்தையும் அநுசரித்துப் போகவேண்டிய பாய்மரப் படகுக்கோ அது இன்னும் எவ்வளவோ அதிகம்.

ரெபெல் என்பது அவர் பிறவிப் பெயர் அன்று. 1886-இல், அந்நாளில் ருஷ்ய சாம்ராஜ்யத்தைச் சேர்ந்திருந்த லாத்வியாவின் விண்டாவ் என்னும் துறைமுகப் பட்டினத்தில் பால் ஸ்ப்ரோகிஸ் என்ற பெயருடன் பிறந்தவர், ஜார் மன்னரின் கட்டாய ராணுவ சேவைக்கு உடன்படாமல் இளமையிலேயே நாட்டைவிட்டு ஓடி, வேறொரு பெயரைப் பூண்டு, ஜெர்மனி வழியாக ஆஸ்திரேலியாவை அடைந்தார். அங்கே மரவேலை செய்து பிழைத்தார். 1930-ஐ ஒட்டி உலகெங்கும் பரவிய பொருளாதார மந்தம், ஆஸ்திரேலியத் தொழிலாளர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேரை வேலையற்றவர்களாக்கியபோது, ரெபெலும் அவர்களுள் ஒருவரானார். அமெரிக்கா சென்றால் வாழ வழி பிறக்கும் என்று நம்பினார். அமெரிக்க ஸ்தானிகர் அலுவலகம் அநுமதி மறுத்துவிட்டது. கப்பலில் ஏற்றிக்கொள்ள மறுத்த தேசத்துக்குத் தம் சொந்தப் படகிலேயே போய்விடுவது என்று அப்போதுதான் அவர் நிச்சயித்தார்.

கடலில் துணிந்து இறங்கியவர்கள் எத்தனையோ பேர். ரெபெலை அவர்களிடமிருந்து வேறுபடுத்திக் காட்டுவது, புறப்படுவதற்கு முன் அவர் அமர்ந்திருந்த இடம் என்றே நான் கருதுகிறேன். அந்த இடம் சிட்னி நகரின் பொது நூலகம். காசில்லாதவனுக்கும் கதவு திறந்திருக்கும் அந்த மண்டபத்தில், வேலையற்ற அந்தத் தச்சர் நாவிக சாஸ்திரத்தைத் தாமே கற்றார். கடல் வரைபடங்களை விலைக்கு வாங்க வகையில்லாததால், நூலகத்திலிருந்த பழைய தேசப்படப் புத்தகம் ஒன்றிலிருந்து பசிபிக் சமுத்திரத்தின் படங்களைத் தாமே பிரதி எடுத்துக்கொண்டார். அது மிகவும் பழமையான புத்தகம். அதற்குப்பின் கண்டறியப்பட்ட தீவுகள் அதில் இடம்பெறவே இல்லை. ஆகவே, தம் கைப்படத்தில் வெறும் நீராகக் காட்டிய இடத்தில் நிஜமாகவே பவளப் பாறை இருக்கக்கூடும் என்பதையும் அறிந்தே அவர் போகவேண்டியிருந்தது.

நடுக்கடலில் தான் இருக்கும் இடத்தை மாலுமி அறிவதற்கு இன்றியமையாத கருவி செக்ஸ்டன்ட் என்னும் கோணமானி. சூரியனோ நட்சத்திரமோ தொடுவானத்துக்கு மேல் எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறது என்பதை அது அளந்து காட்டும். சூரியன் உச்சிக்கு வரும் வேளையில் அந்த உயரத்தை அளந்து, அன்றைய தேதிக்குரிய பஞ்சாங்கக் கணக்கோடு சேர்த்துப் பார்த்தால், பூமத்திய ரேகைக்கு வடக்கே அல்லது தெற்கே எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பது, அதாவது அட்சரேகை, கிடைத்துவிடும். நுட்பமான கருவியாதலால் விலை அதிகம். ரெபெல் அதைத் தாமே செய்தார். பீப்பாய்க்குக் கட்டும் இரும்புப் பட்டையால் சட்டம். சாரணச் சிறுவர்கள் வைத்து விளையாடும் மலிவான தொலைநோக்கியால் கண். துருப்பிடிக்காத எஃகாலான மேஜைக் கத்தியை ஒடித்து, அதன் பளபளப்பான துண்டுகளால் கண்ணாடிகள். பாகைகளைக் குறிக்க வேண்டிய வளைவுக்கு அவர் எடுத்துக்கொண்டதோ, பட்டறைகளில் இரும்பறுக்கப் பயன்படும் ஆக்ஸா பிளேடு! அது விருப்பம்போல் வளையும். அதன் பற்கள் யந்திரத்தில் வெட்டப்பட்டவையாகையால் ஒன்றுக்கொன்று இம்மியும் பிசகாத சம இடைவெளி உடையவை. இத்தகைய துல்லியமான அளவுகோலைக் கையால் கீறி உண்டாக்குவது எந்தத் தச்சனுக்கும் அரிது. அது ஏற்கெனவே தம் கருவிப்பெட்டியில் கிடக்கிறது என்று கண்டுகொண்ட அறிவை என்னென்று வியப்பது!

தீர்க்கரேகையை அறிவது இதனினும் கடினம். கிழக்கிலோ மேற்கிலோ எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்பதைக் கண்டறியச் சரியான நேரம் வேண்டும். பூமி ஒரு மணிக்கு 15 பாகை சுழல்கிறது. எனவே கடிகாரம் ஒரே ஒரு நிமிஷம் தவறினாலும், பூமத்திய ரேகையை அடுத்த பிரதேசத்தில் 15 கடல் மைல் பிழை உண்டாகும். பெரிய கப்பல்களில் இதற்கென்றே குரோனோமீட்டர் என்னும் அருமையான கடிகாரத்தைக் கண்ணைப்போல் காத்து வைத்திருந்தார்கள். ரெபெல் கொண்டுபோனவை இரண்டு மலிவுக் கைக்கடிகாரங்கள்.

படகின் பெயர் எலெய்ன். துறைமுகத்தின் உள்ளே பந்தயம் விடுவதற்கென்று கட்டிய படகு அது. ஆழமான அடிக்கட்டைக்குப் பதிலாக, வேண்டும்போது நீருக்குள் இறக்கி வேண்டாதபோது தூக்கிக்கொள்ளும் நடுப்பலகை உடையது. ரெபெல் அதன் உட்புறத்தில் மேலும் வாரிக்கட்டைகளைச் சேர்த்து வலுப்படுத்தி, அணியத்தின் பக்கம் கித்தானால் ஒரு சிறு கூடாரம் அமைத்துக்கொண்டார். உலகை முதன்முதல் தனியாகச் சுற்றிவந்த ஜோஷுவா ஸ்லோகமின் படகுக்கு 36 அடிக்கு மேற்பட்ட நீளமும், மேல்தளமும், அறையும் இருந்தன. 1789-இல் கலகக்காரர்கள் கப்பலிலிருந்து இறக்கிவிட்ட காப்டன் பிளை, டோங்கா தீவுகளிலிருந்து தைமோர்வரை வந்தது திறந்த படகில்தான். ஆயினும் அவருடன் நீர் இறைக்கவும் முறைவைத்துக் காவலிருக்கவும் 18 பேர் இருந்தனர். தனியனுக்கு இந்த முறை கிடையாது. மேல்தளமில்லாத படகுக்குள் விழும் ஒவ்வொரு அலையும் உள்ளேயே தங்கும். அதை இறைத்து வெளியே கொட்டவேண்டியவனும் அவன்தான், சுக்கான் பிடிக்கவேண்டியவனும் அவன்தான், அடுத்த நாள் கணக்குத் தவறாமலிருக்கத் தூங்கவேண்டியவனும் அவன்தான்.

மேற்கிலிருந்து கிழக்கே பசிபிக்கைக் கடப்பதென்பது இயற்கைக்கு எதிர்த் திசையில் போவதாகும். உஷ்ண மண்டலத்தில் வியாபாரக் காற்று எந்நாளும் கிழக்கிலிருந்தே வீசும். நீரோட்டமும் அதனோடு சேர்ந்து மேற்கே இழுக்கும். எதிர்க்காற்றை நேரே நோக்கிப் பாய்மரம் போகாதாகையால், பாயை இடமும் வலமுமாக மாற்றி மாற்றி, ஒரு மைல் முன்னேற இரண்டு மைல் அலைய வேண்டும். அல்லது, மேல்காற்று வீசும் குளிர்ந்த அட்சரேகைகளைத் தேடித் தெற்கிலோ வடக்கிலோ நெடுந்தூரம் விலகிச் சென்று திரும்ப வேண்டும். அவர் கிளம்பிய மாதமோ தென் பசிபிக்கில் சூறாவளிப் பருவம். சிட்னியை விட்டு பிஜித் தீவுகளை அடைய அவருக்கு ஏறக்குறைய இரண்டு மாதம் பிடித்தது.

பிஜியும் சமோவாவும் மலைகள் உடைய உயர்ந்த தீவுகள்; தூரத்திலேயே கண்ணுக்குப் புலப்படும். அவற்றுக்கப்பால் அவர் நாடிய புகாபுகாவும் கிறிஸ்துமஸ் தீவும் அப்படிப்பட்டவை அல்ல. அவை கடல்மட்டத்துக்குமேல் சில அடியே உயர்ந்த பவளத் திட்டுகள். படகில் உட்கார்ந்திருப்பவன் கண்ணுக்கு அங்குள்ள தென்னைகளின் உச்சி சுமார் 10 மைலுக்குள் வந்தால்தான் தெரியும். கடிகாரத்தில் ஒரு நிமிஷப் பிழை 15 மைல் என்பதை இவ்விடத்தில் வாசகர் நினைவுகூர வேண்டும். இந்தச் சங்கடத்துக்கு மாலுமிகள் பழங்காலத்திலேயே ஓர் உபாயம் கண்டிருந்தார்கள். தீவின் அட்சரேகையை முதலில் பிடித்துக்கொண்டு, பின்பு அந்த ரேகையைவிட்டு விலகாமல் தீவு எதிர்ப்படும்வரை போவதே அது. கண்டுபிடித்த ஒவ்வொரு தீவும், நீரும் உணவும் ஓய்வும் தருவதோடு, அதன் தீர்க்கரேகை ஏற்கெனவே தெரிந்ததாகையால், கடிகாரத்தின் பிழையைத் திருத்திக்கொள்ளவும் உதவும். 1777-இல் காப்டன் குக் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் கண்டு பெயரிட்ட அந்தத் தீவை, ஆக்ஸா பிளேடின் பற்களை எண்ணி ஒரு தச்சர் கண்டடைந்தார் என்பதை எண்ணும்போது, படித்த படிப்பு கையில் இறங்கினால் என்னவெல்லாம் கூடும் என்ற பெருமிதம் எனக்கு உண்டாகிறது.

இந்த யாத்திரையில் அவர் உள்ளத்திலும் ஒரு பெரும் மாறுதல் நிகழ்ந்தது. கரையில் கடவுள் நம்பிக்கை இல்லாதவராய் இருந்த ரெபெல், கடலில் பிரார்த்தனை செய்யத் தொடங்கினார். தம் வேண்டுதல் கேட்கப்பட்டது என்று மனமார நம்பினார். அச்சத்தில் பிறந்த பக்தி என்று இதைச் சுலபமாய் ஒதுக்கிவிடுவோரும் உண்டு. ஆனால் அச்சம் நீங்கிய பின்னும், ஆயுள் முழுவதும் அந்த நம்பிக்கையை அவர் கைவிடவில்லை.

கிறிஸ்துமஸ் தீவிலிருந்து ஹானலூலுவுக்கும், அங்கிருந்து மேல்காற்றைத் தேடி வடக்கே ஏறிக் குளிர்காலப் புயல்களினூடே கலிபோர்னியாவுக்கும் சென்ற ரெபெல், 1933 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் துறைமுகத்தை அடைந்தார். கடைசிக் கட்டம் மட்டும் இரண்டு மாதத்துக்கு மேலாயிற்று. மேற்கிலிருந்து கிழக்காகப் பசிபிக்கைத் தனியே பாயில் கடந்த முதல் மனிதர் என்று அவரைச் சொல்வார்கள். அவரிடமிருந்த பாஸ்போர்ட்டும் அவரே தயாரித்தது. பெயர், பிறந்த ஊர், போகும் வழி ஆகியவற்றைக் குறித்து, தாம் எந்த அரசுக்கும் கட்டுப்பட்டவர் அல்லர் என்று அதில் அவர் எழுதியிருந்தார். குடியேற்றச் சட்டத்துக்கு அந்தப் பத்திரம் போதுமானதாக இல்லை. அமெரிக்க சர்க்கார் பின்னர் அவரை, அவர் இளமையில் விட்டோடிய லாத்வியாவுக்கே அனுப்பிவைத்தது.

அங்கேயும் அவர் நிலைக்கவில்லை. மீண்டும் ஒரு படகில் பாய் விரித்து இங்கிலாந்து சென்றார். அவர் பிரயாண வரலாறு 'எஸ்கேப் டு தி ஸீ' என்னும் ஆங்கில நூலாக 1939-இல் வெளிவந்தது. பாய்மரக் கப்பலொன்றில் வேலைக்கமர்ந்து மறுபடியும் ஆஸ்திரேலியாவை அடைந்த ரெபெல், தச்சு வேலை செய்துகொண்டும் பெந்தெகொஸ்தே சபையினரிடையே பிரசங்கம் செய்துகொண்டும் சிட்னியிலேயே வாழ்ந்து, 1968-இல் காலமானார்.