பதிவேடு காக்கும் வன்றட்டுகள்

யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981ஆம் ஆண்டில் எரியுண்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவுக் கரைகளை வாரியபோது வீடுகளோடு உறுதிகளும் பதிவேடுகளும் போயின. இக்காலத்தே பழைய ஏடுகளை மின்வடிவாக்கிக் கணினியிற் சேமிப்போர் பலர். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம் இத்துறையில் வழிகாட்டி. அங்ஙனம் சேமித்தற்கேற்ற வன்றட்டுகளைத் தேருமாற்றை ஈண்டு நோக்குவாம்.

வன்றட்டு ஒருநாள் பழுதுறும். எந்நாள் என்பதே அறியவொண்ணாதது. ஆதலின் பல தட்டுகளை ஓரணியாக்கும் முறைகளை 1988இல் கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்துப் பற்றர்சன், கிப்சன், காற்ஸ் என்னும் மூவர் படிகளாக வகுத்து 'ரெயிட்' எனப் பெயரிட்டனர். ஒன்றிலுள்ளதை மற்றொன்றிலும் அவ்வாறே எழுதுதல் முதலாம் படி. ஐந்தாம் படி நுட்பமானது. 7, 5 என்னும் எண்களோடு அவற்றின் கூட்டுத்தொகையாகிய 12ஐயும் வேறிடத்தில் எழுதிவைத்தால், 5 அழியினும் 12இல் 7ஐக் கழித்து அதனை மீட்கலாமன்றோ? கணினி கூட்டலுக்குப் பதிலாக வேறொரு துவிதக் கணிப்பைச் செய்கிறது, கருத்து இதுவே. 8 டெராபைற்றுத் தட்டுகள் நான்கினை இவ்வாறு இணைத்தால் 24 டெராபைற்று நமக்கு உதவும்.

இச்சிக்கனத்தில் மயங்குவோர் பலர். பழுதுற்ற தட்டை நீக்கிப் புதியதை இட்டால், விநாடிக்கு 200 மெகாபைற்று வீதம் ஓயாது எழுதினும் அது நிரம்ப 11 மணி நேரம் செல்லும். அதற்குள் ஏனைய மூன்றும் முற்றாக வாசிக்கப்படல் வேண்டும். ஒரே நாளில் வாங்கிய அவையும் ஒத்த வயதினவல்லவா? அவற்றுள் இன்னொன்று சாய்ந்தால் யாவும் போம். ஆறாம் படியிலோ எவ்விரண்டு பழுதுறினும் தரவு நிலைக்கும். கிடைப்பது 16 டெராபைற்று. எஞ்சிய எட்டை இதற்கெனக் கொடுத்தல் நட்டமன்று என்பது எமது துணிபு.

தட்டு வாங்குங்கால், தடங்களை ஒன்றன்மேலொன்று படிய எழுதும் மலிவான வகையை விலக்குக. கிடுகு வேய்ந்த கூரையில் அடிக்கிடுகை மாற்ற மேற்கிடுகுகளையும் கிளப்பவேண்டியிருத்தல் போல, அவற்றில் சிறு திருத்தமும் பெருவேலையாகும். மீளமைப்பு நாட்கணக்கில் இழுபடலாம். மின் தடைப்படும்போது எழுத்துச் சிதையாதிருக்க மின்கலத் துணையும் வேண்டும்.

எனினும், தவறுதலாக அழித்த கோப்பை எந்தப் படியும் மீட்டுத் தராது. அழிப்பும் அக்கணமே அணி முழுவதும் பதியும். அறையுள் வெள்ளம் புகுந்தால் நான்கு தட்டுகளும் ஒருங்கே நனையும். ஆகவே கல்முனையில் ஓரணி இருப்பின், கடல் எட்டாத கண்டி போன்ற ஊரில் தனியொரு பிரதியும் இருத்தல் வேண்டும். அப்பிரதியிலிருந்து திங்களுக்கொருமுறையேனும் சில கோப்புகளைத் திறந்து வாசித்துப் பார்த்தல் பொறுப்பேற்றவரின் கடனாகும்.