ஞாயிறு காலை சைக்கிள் பேரணி... அவிநாசி ரோட்டைக் கடக்கிறவங்க என்ன பண்றதுங்க?

‘ஞாயித்துக்கெழமை ரோடு ஃப்ரீயா இருக்கும், அரை மணி நேரத்துல போயிரலாமுங்க’ - கோவையில் பலரும் போடும் கணக்கு இது. அதே ஃப்ரீயான ரோட்டை நம்பித்தான் சைக்ளோத்தான், மாரத்தான் நடத்துபவர்களும் ஞாயிறு காலையைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பீளமேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அவிநாசி ரோட்டின் மேல் பி.எஸ்.ஜி மருத்துவமனை. சிட்ரா பக்கம் திரும்பினால் விமான நிலையம். வழிநெடுகக் கல்லூரிகள். டி.என்.பி.எஸ்.சி போன்ற தேர்வுகள் பலவும் ஞாயிறு காலையில்தான் நடக்கின்றன. கேட் மூடிய பிறகு, ‘வழியில ரோட்டை அடைச்சுட்டாங்க’ என்று சொன்னால் யாரும் உள்ளே விடமாட்டார்கள். விமானத்துக்கும் அதே கதைதான்.

2025 அக்டோபரில் திறக்கப்பட்ட ஜி.டி.நாயுடு மேம்பாலம் உப்பிலிபாளையம் முதல் கோல்டுவின்ஸ் வரை 10.1 கி.மீ. நேராகப் போகிறவர்களுக்கு நிம்மதிதான். ஆனால், ஹோப் காலேஜில் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக வேண்டியவருக்கு மேம்பாலம் உதவாதே!

2023 அக்டோபரில் சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் சைக்ளோத்தான் நடந்தபோது, வாகனங்களைத் திருப்பிவிட பக்கத்திலேயே ஓ.எம்.ஆர் இருந்தது. இங்கே எந்த ரோட்டுக்குத் திருப்பிவிடுவது?

அதற்காக இந்த நிகழ்ச்சிகளே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. 2013-ல் தொடங்கிய கோவை மாரத்தான், புற்றுநோய் விழிப்புணர்வுக்காக ஓடுகிறது. வண்டிகளுக்குப் பயப்படாமல் குழந்தைகள் சைக்கிள் ஓட்ட, நகரத்தில் வேறு இடம்தான் எங்கே இருக்கிறது?

கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் 1974 முதல் இது நடக்கிறது. ஞாயிறுகளிலும் விடுமுறை நாள்களிலும் காலை 7 முதல் மதியம் 2 மணி வரை, 100 கி.மீ-க்கும் அதிகமான சாலைகள் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும்தான். எப்போதும் அதே சாலை, அதே நேரம் என்பதால் யாரும் திடீரென்று மாட்டிக்கொள்வதில்லை. முக்கியச் சந்திப்புகளில் சைக்கிள்களைச் சற்று நிறுத்தி, குறுக்கே போகும் வாகனங்களை விடுகிறார்கள்.

நமக்கும் தேவை இதுதான். எந்த ரோடு, எத்தனை மணி வரை என்று ஒரு வாரம் முன்பே அந்தப் பகுதி மக்களுக்குத் தெரிய வேண்டும். குறிப்பிட்ட சந்திப்புகளில் கடக்க வழி வேண்டும். ஆம்புலன்ஸுக்கு ஒரு பாதை எப்போதும் திறந்திருக்க வேண்டும். தேர்வு நாளோடு மோதாமல் தேதி குறிக்க வேண்டும்.

அதுவரை, ஞாயிறு காலை விமானமோ தேர்வோ இருந்தால், முந்தைய நாளே மாநகரப் போலீஸின் சமூக வலைதளப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள். முக்கால் மணி நேரம் முன்னதாகக் கிளம்பிவிடுங்கள். சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் ஒரு டீ குடிக்கலாம், பரவாயில்லைங்க!