கும்மி கொட்டப் போனோம்

“ஏனுங்க அக்கா, எனக்கெல்லாம் இனிமே கும்மி வருமுங்களா?”

மாடி வீட்டு மருமகள் இப்படிக் கேட்டபோது அவள் தோளில் நான்கு மாதக் குழந்தை. கண்ணைச் சுற்றிக் கருவளையம். “46 வயசிலே எனக்கே வரப்போகுதாம், உனக்கு வராதா கண்ணு?” என்றேன், முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக் கொண்டே.

எங்கள் கோவைப் பக்கத்து வள்ளிக் கும்மியைப் பற்றித்தான் சொல்கிறேன். தினைப்புனம் காக்கும் வள்ளி, வேடனாகவும் கிழவனாகவும் வந்து நிற்கும் முருகன், யானையாகி அவளை மிரட்டும் பிள்ளையார், கடைசியில் கல்யாணம். ஆசிரியர் கதையைப் பாடப் பாட, நாம் கூடவே பாடிக் கைகொட்டி, குனிந்து நிமிர்ந்து சுற்றி வர வேண்டும். சின்ன வயதில் ஊர் நோம்பியில் ஆண்கள் ஆடித்தான் நான் பார்த்திருக்கிறேன். இதைப் பெண்களுக்கும் கற்றுக் கொடுத்த கோவை மாவட்டத்துப் பெரியவர் பத்திரப்பன் அவர்களுக்கு 2024-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இப்போது பாட்டியும் பேத்தியும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள்!

எங்கள் பகுதியில் இரண்டு மாத வகுப்பு, கோயில் மைதானத்தில், ராத்திரி ஏழரைக்கு. முதல் நாள் கூத்தைக் கேளுங்கள். எல்லாரும் வலது காலை எடுத்து வைத்தால் நான் இடது கால். எதிரே வந்த ரிடையரான டீச்சரம்மா மேல் போய் முட்டினேன். இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. வீட்டில் வாய்விட்டுச் சிரித்து எத்தனை நாளாச்சு என்று நடந்து திரும்பும்போதுதான் தோன்றியது.

மாடி வீட்டுப் பெண் மட்டும் வரவில்லை. மாமியார் விடவில்லை. “பச்சை உடம்புக்காரி, பால் குடிக்கிற புள்ளையை வெச்சுக்கிட்டு கும்மி கேட்குதா?” என்றார். அவர் பயத்திலும் நியாயம் உண்டு. அவளுக்கு ஆபரேஷன் பிரசவம். குதித்து ஆடுவதெல்லாம் டாக்டர் சரி என்று சொன்ன பிறகுதான்.

ஆனால் எனக்கு வேறு கவலை இருந்தது. அந்தப் பெண் குழந்தையைக் குளிப்பாட்டுவாள், வேளைக்குப் பால் கொடுப்பாள். ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் அதோடு ஒரு வார்த்தை பேச மாட்டாள். மொட்டை மாடியில் துணி காயப் போடுகிற சாக்கில் நின்று அழுவாள். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு, யாருக்கும் கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்து விட்டு அழுதவள் நான். பால் ஊறுதா, புண் ஆறிச்சா என்று எல்லாரும் கேட்டார்கள். மனசு எப்படி இருக்கென்று கேட்க ஒருத்தரும் இல்லை.

லண்டனில் பிள்ளை பெற்ற பின் மனம் சோர்ந்து போன 134 தாய்மார்களை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்து, 2018-ல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியினர் குழந்தையோடு வந்து சேர்ந்து பாடினார்கள். இன்னொரு பகுதியினர் சேர்ந்து விளையாடினார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். 10 வாரம் இப்படி நடந்தது. சோர்வு அதிகமாக இருந்தவர்களில், பாடிய தாய்மார்கள்தான் சீக்கிரம் தேறத் தொடங்கினார்களாம்.

பாட்டில் என்ன இருக்கிறது? பாடும்போது மூச்சைச் சட்டென்று இழுத்து, நீளமாக விடுகிறோம். ஜெபமாலையோ மந்திரமோ ஒரே லயத்தில் சொன்னால் மூச்சு நிமிஷத்துக்கு ஆறாக இறங்குகிறது என்று 2001-லேயே பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார்கள். மூச்சு நிதானப்பட்டால் நெஞ்சுப் படபடப்பும் குறைகிறது. அதோடு நாற்பது கைகள் ஒரே தாளத்தில் விழும்போது, நாம் தனியாக இல்லை என்பதை யாரும் சொல்ல வேண்டியதே இல்லை. சமையலறையில் தனியாக முணுமுணுப்பதில் இது கிடைக்காது.

நான் மாமியாரிடம் போய், “அவ ஆட வேண்டாங்க. புள்ளையை மடியில போட்டுக்கிட்டு உட்கார்ந்து பாடட்டும். நீங்களும் வாங்க” என்றேன். காவலுக்கு வருவது போல வெந்நீர் பிளாஸ்க், துணிப்பை சகிதம் வந்தார். மூன்றாம் நாள் பார்த்தால் அவர் கையும் தாளம் போடுகிறது!

நாலாவது வாரம், திரும்பி வரும் வழியில் அந்தப் பெண் மெல்லச் சொன்னாள்: “அக்கா, புள்ளையைப் பார்த்தா எனக்கு ஒண்ணுமே தோணலைங்க. நான் கெட்டவளுங்களா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இது கும்மியால் மட்டும் தீருகிற விஷயம் இல்லை. மறுநாளே அவள் கணவனிடம் பேசி, டாக்டரிடம் அனுப்பி வைத்தோம். பிரசவமான பின் இரண்டு வாரத்துக்கு மேல் மனசு இருண்டே இருந்தால், தூக்கமோ பசியோ கெட்டால், காத்திருக்காதீர்கள். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் அன்றைக்கே போக வேண்டும். வெளியே போய்ப் பேசக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. அவளுக்கு டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்து, “பாட்டுக்குப் போறதை நிறுத்தாதே அம்மா” என்றும் சொல்லி அனுப்பினார்.

உங்கள் ஊரில் வள்ளிக் கும்மி இல்லாவிட்டால் என்ன? ஐந்து வீட்டுப் பெண்கள், ஒரு மொட்டை மாடி, எல்லாருக்கும் தெரிந்த ஏதோ ஒரு கும்மிப் பாட்டு, அரை மணி நேரம் போதும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஆடாதீர்கள். பால் கொடுக்கிறவர்கள் கொடுத்துவிட்டே கிளம்புங்கள், மார்பு கனக்காது. குதிக்கும்போது சிறுநீர் கசிகிறதென்று வெட்கப்பட்டு ஒதுங்குகிறவர்கள் நிறையப் பேர். சிறுநீரை அடக்குவது போல் அடித் தசையை இறுக்கி, ஐந்து எண்ணி, விடுங்கள். தினமும் பத்துப் பத்தாக மூன்று வேளை செய்துவந்தால் சில மாதத்தில் பெரும்பாலும் சரியாகும். அதற்கும் கேட்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டியதுதான்.

அரங்கேற்றத்தன்று எல்லாரும் மாம்பழ நிறப் புடவை. மாடி வீட்டுப் பெண் கடைசி வரிசையில், முதல் அரைமணி மட்டும் ஆடினாள். ஒலிபெருக்கி அலறியதால் குழந்தையைத் தூக்கிக் கொண்டு மாமியார் மைதானத்தின் கோடியில் போய் உட்கார்ந்துவிட்டார். இவள் வேர்வையோடு ஓடிப் போய் அதை வாங்கி, வள்ளி கதையை அதன் காதில் சொல்ல ஆரம்பித்தாள். நான் என் வரிசைக்குத் திரும்பினேன். அன்றைக்கும் இடது கால்தான் முதலில் போனது.