மாதச் சந்தா கேட்காத காவல் கேமரா

நமது முதலமடை, கோவிந்தாபுரம், கொல்லங்கோடு வட்டாரத்தில் பல தமிழ்க் குடும்பங்களில் பிள்ளைகள் கோவை, பெங்களூர், வளைகுடா நாடுகள் என்று வேலைக்குப் போய்விட்டார்கள். வீட்டில் இருப்பது வயதான தாய் தந்தையர்தான். பொங்கலுக்கோ குலதெய்வக் கோயில் நோன்புக்கோ அவர்களும் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் புறப்பட்டுவிட்டால் தோப்பு நடுவே வீடு பூட்டிக் கிடக்கும். மாங்காய் சீசன் தொடங்குவதும் அதே ஜனவரியில்தான். பறிப்பு ஆட்கள், லாரிகள், வியாபாரிகள் என்று முகம் தெரியாதவர்கள் வந்து போகும் காலம். எனவே "ஒரு கேமரா வாங்கி வைத்துவிடலாமா?" என்ற கேள்வி நம் சங்கக் கூட்டங்களில் அடிக்கடி எழுகிறது. ரயில்வே சிக்னல் பகுதியில் 33 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால், இது பற்றி எழுதும்படி சங்கத்து அன்பர்கள் கேட்டுக்கொண்டார்கள்.

எங்கள் தெருவில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொன்னால் விஷயம் எளிதில் விளங்கும். ஒரு வீட்டில் மகன் ஊரிலிருந்து கேமரா வாங்கி அனுப்பியிருந்தார். ஒருநாள் இரவு மோட்டார் ரூமிலிருந்து கிணற்றுக்குப் போகும் செப்புக் கேபிளை யாரோ அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கேமரா அந்தப் பக்கம் பார்த்தபடிதான் இருந்தது. ஆனால் முதல் ஆண்டு இலவசச் சந்தா முடிந்திருந்தது; புதுப்பிக்க வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. போனில் நேரடிக் காட்சி மட்டும் தெரிகிறது, முந்தைய இரவின் பதிவு ஒன்றும் இல்லை. அந்த வீட்டு அம்மா என்னிடம் கேட்டார்கள்: "ஏனுங்கண்ணா, கண்ணு மட்டும் இருக்குது, ஞாபகம் வெச்சுக்கறதுக்கு மாசாமாசம் காசு கட்டோணுங்களா?"

கேள்வி மிகச் சரியானது. கேமராவின் வேலை இரண்டு: பார்ப்பது, பார்த்ததைப் பதிந்து வைப்பது. பார்ப்பதற்குச் சந்தா கிடையாது. பதிவு எங்கே போய் உட்காருகிறது என்பதில்தான் மாதக் கட்டணம் முளைக்கிறது. பதிவு கேமராவுக்குள் உள்ள மெமரி கார்டில் இருக்கலாம்; வீட்டுக்குள் வைத்த ரெக்கார்டர் பெட்டியின் ஹார்டு டிஸ்கில் இருக்கலாம்; அல்லது இணையம் வழியாகக் கம்பெனியின் கணிப்பொறிக்குப் போகலாம். இந்த மூன்றாவதைத்தான் 'கிளவுட்' என்கிறார்கள். அங்கே இடத்துக்கு வாடகை உண்டு. மாதம் 150 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 5 ஆண்டில் ஒரு கேமராவுக்கு 9,000 ரூபாய். மூன்று கேமராவுக்குத் தனித்தனியாகக் கட்டினால் 27,000.

ரயில் நிலையங்களில் சிக்னல் ரிலேக்கள் இருக்கும் அறையில் 'டேட்டா லாகர்' என்று ஒரு பெட்டி உண்டு. எந்த சிக்னல் எத்தனை மணிக்கு மாறியது, எந்தப் பாயின்ட் எப்போது திரும்பியது என்பதையெல்லாம் அது விநாடிக் கணக்குடன் பதிந்து வைக்கும். கோட்ட அலுவலகத்துக்கும் அனுப்பும். ஆனால் அனுப்பும் லைன் அறுந்துவிட்டால் அது பதிவை நிறுத்துவதில்லை. நிலையத்திலேயே, தன் நினைவிலேயே வைத்துக்கொள்ளும். விபத்து விசாரணையில் அந்தப் பெட்டிதான் முக்கிய சாட்சி. வீட்டுக் கேமராவுக்கும் இதே அளவுகோலை வைப்பதில் தவறில்லை. நெட் போனாலும், கம்பெனியே போனாலும், பதிவு நம் வீட்டில் இருக்க வேண்டும்.

கம்பெனி போகுமா என்று கேட்கலாம். அமெரிக்காவில் 'இன்ஸ்டியான்' என்ற வீட்டுக் கருவிகள் செய்யும் நிறுவனம் 2022 ஏப்ரலில் முன்னறிவிப்பின்றித் தன் கணிப்பொறிகளை நிறுத்திவிட்டது. பின்னர் வாடிக்கையாளர்கள் சிலரே சேர்ந்து அதை வாங்கி மீண்டும் ஓட்டினார்கள். கேமரா தயாரிக்கும் 'ஆர்லோ', 7 நாள் இலவசச் சேமிப்பு உண்டு என்று விற்ற பழைய மாடல்களுக்கு அதை நிறுத்தப் போவதாக 2023 தொடக்கத்தில் அறிவித்தது. வாங்கியவர்கள் கூச்சலிட்ட பிறகே பின்வாங்கியது. அதே 2023-ம் ஆண்டில் அமேசானின் 'ரிங்' நிறுவனம், ஊழியர்கள் வாடிக்கையாளர்களின் வீட்டுக் காட்சிகளைப் பார்க்க இடம் கொடுத்தது என்ற குற்றச்சாட்டில், அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் 58 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. 'எல்லாம் உங்கள் வீட்டிலேயே இருக்கும்' என்று விளம்பரம் செய்த 'யூஃபி' கேமராக்கள் சில படங்களைக் கிளவுடுக்கு அனுப்புவதை 2022 இறுதியில் ஓர் ஆய்வாளர் கண்டுபிடித்தார். ஆகவே அட்டைப்பெட்டியில் 'சந்தா இல்லை' என்று அச்சிட்டிருப்பது மட்டும் போதாது.

கடையில் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கேமராவைக் காட்டச் சொல்லி, வைஃபை பெட்டிக்கு வரும் இணைய வயரை மட்டும் கழற்றச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் கழித்து, அந்த ஐந்து நிமிடப் பதிவைத் திருப்பிக் காட்ட முடிகிறதா? முடிந்தால் பதிவு உள்ளூரில் இருக்கிறது. 'நெட் வேணும் சார்' என்று சொன்னால் வேறு மாடல் கேளுங்கள். கூடவே 'ஆன்விஃப்' அல்லது 'ஆர்டிஎஸ்பி' உண்டா என்றும் கேளுங்கள். அது இருந்தால் நாளைக்கு வேறு கம்பெனி ரெக்கார்டரிலும் அந்தக் கேமராவை இணைக்கலாம். பேட்டரியில் ஓடும் கேமராக்கள் பலவற்றில் இந்த வசதி கிடையாது. அவை நாள் முழுவதும் பதிவதும் இல்லை.

சிறிய வீட்டுக்கு, முன்வாசலும் பின்கட்டும் மட்டும் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு, கார்டு போடும் வைஃபை கேமராவே போதுமானது. எத்தனை நாள் பதிவு நிற்கும் என்பது எளிய கணக்கு. கேமரா விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு நாளைக்கு சுமார் 11 ஜிபி. 128 ஜிபி கார்டில் 11 நாள் நிற்கும். பிறகு பழையது அழிந்து புதியது ஏறும். 2 மெகாபிட் என்றால் 5, 6 நாள்தான். 'எச்.265' முறையில் பதியும் கேமரா அதே தெளிவுக்குக் குறைந்த இடம் எடுக்கும். ஊருக்குப் போனால் எத்தனை நாள் கழித்துத் திரும்புகிறீர்கள் என்று பார்த்துக் கார்டு வாங்கவும். சாதாரண கார்டு இரவு பகலாக எழுதி எழுதித் தேய்ந்துவிடும். 'ஹை எண்டூரன்ஸ்' என்று போட்ட கார்டு இதற்கென்றே செய்தது. போலிக் கார்டுகளும் சந்தையில் உண்டு. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பழைய பதிவு ஒன்றை ஓட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

நான்கு கேமரா, தோப்பு, கேட் என்று விரிந்தால் ரெக்கார்டர்தான் சரி. நான்கு கேமரா தலா 2 மெகாபிட்டில் பதிந்தால் 1 டெராபைட் டிஸ்கில் 11 நாள் நிற்கும். டிவியில் நேரடியாகப் பார்க்கலாம், போன் தெரியாத பெரியவர்களுக்கு இது சௌகரியம்.

"ரெக்கார்டரையே திருடன் தூக்கிக்கொண்டு போனால்?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி, கிளவுடுக்கு ஆதரவாகச் சொல்லக்கூடிய ஒரே வலுவான காரணமும் இதுதான். பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் அழகுக்காக வைப்பதால்தான் இந்த ஆபத்து. பரண் மேலோ, காற்று போகும்படி துளையிட்ட பூட்டிய அலமாரியிலோ வைக்கவும். முன்வாசல் கேமராவில் மட்டும் ஒரு கார்டும் போட்டுவிட்டால் அதே காட்சி இரண்டு இடத்தில் பதிவாகும். ஆள் நடமாட்டம் கண்டால் போனுக்கு ஒரு படம் அனுப்பும் வசதி பல கேமராக்களில் இலவசமாகவே இருக்கிறது. திருடன் பெட்டியைத் தேடுவதற்குள் அவன் படம் துபாயில் இருக்கும் மகனிடம் போய்ச் சேர்ந்திருக்கும்.

தோப்புக்கு சிம் போடும் சோலார் கேமரா என்று இப்போது பலர் வாங்குகிறார்கள். அதற்கு கிளவுட் சந்தா இல்லாவிட்டாலும் சிம்முக்கு ரீசார்ஜ் உண்டு. அதுவும் மாதக் கட்டணம்தான், பெயர்தான் வேறு. மின்சாரம் பெரிய செலவில்லை. 5 வாட் கேமரா மாதம் 3.6 யூனிட் இழுக்கும். கரண்ட் போகும்போது கேமராவும் ரெக்கார்டரும் வைஃபை பெட்டியும் மூன்றுமே இன்வெர்ட்டரில் இருக்க வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால் மற்றதால் பயனில்லை.

வயர் விஷயத்தில் என் கைப்பழக்கம் பேசுவதால் சற்று நீளமாகச் சொல்கிறேன். பகலில் நன்றாக ஓடும் கேமரா இரவில் மட்டும் அணைந்து அணைந்து எரிகிறது என்று இரண்டு மூன்று வீடுகளில் கூப்பிட்டுக் காட்டினார்கள். கேமராவில் பழுதில்லை. இருட்டியதும் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கும், மின்னோட்டம் கூடும். மெல்லிய வயரில் 12 வோல்ட்டை 50 மீட்டர் இழுத்துக்கொண்டு போனால், அரை சதுர மில்லிமீட்டர் செம்பிலேயே ஏறக்குறைய ஒன்றரை வோல்ட் வழியில் தொலைந்துவிடும். செம்பு முலாம் பூசிய அலுமினிய வயர் என்றால் இழப்பு இன்னும் அதிகம். கேமரா மூச்சுத் திணறி அணையும். விளக்கு அணைந்ததும் மறுபடி உயிர் பெறும். வயர் நுனியைச் சுரண்டிப் பாருங்கள்; உள்ளே வெள்ளையாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடவும். நெட்வொர்க் கேபிள் வழியாகவே 48 வோல்ட்டில் மின்சாரமும் போகும் முறை ஒன்று உண்டு. அதில் 100 மீட்டர் வரை இந்தத் தொல்லை இல்லை.

அதற்கும் மேல் தூரம் என்றால் செம்பை நீட்டாமல் ஃபைபர் போடுவதே புத்திசாலித்தனம். ஐப்பசி மாத மாலைகளில் நெல்லியாம்பதி மலைப் பக்கமிருந்து இடி இறங்குவது நம் எல்லாருக்கும் தெரியும். நீண்ட செம்பு வயர் மின்னலின் வேகத்தை வீட்டுக்குள் அழைத்து வந்து ரெக்கார்டர், டிவி எல்லாவற்றையும் சேர்த்து எரித்துவிடும். நல்ல எர்த்தும், சர்ஜ் தடுப்பானும் கேமரா விலையோடு சேர்த்துக் கணக்கிட வேண்டியவை.

எங்கே மாட்டுவது? 2 மெகாபிக்சல், 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் கேமரா முற்றம் முழுவதையும் காட்டும். ஆனால் முன்பின் தெரியாத ஒருவன் முகத்தை அடையாளம் சொல்ல வேண்டுமானால், ஒரு மீட்டர் அகலத்துக்கு 250 புள்ளிகள் விழ வேண்டும் என்பது நியதி. அந்தக் கணக்குப்படி சுமார் 3 மீட்டர் தூரம் வரைதான் முகம் தெளிவாகும். 10 மீட்டரில் யாரோ ஓர் ஆள் நடக்கிறான் என்பது மட்டும் தெரியும். ஆகவே தூரத்துக் கேட்டை வீட்டிலிருந்து பார்ப்பதைவிட, ஆள் கடந்தே தீரவேண்டிய வாசற்படிக்கு அருகில், ஆளுயரத்துக்குச் சற்று மேலே மாட்டுவது பலன் தரும். மிக உயரத்தில் மாட்டினால் தொப்பியும் தலைத்துண்டும்தான் பதிவாகும். சிலந்திகளுக்கு இந்தக் கேமராக்கள் மேல் தனிப் பிரியம். விளக்குக்கு வரும் பூச்சிகளுக்காகக் கண்ணாடி முன்பே வலை பின்னிவிடும். வாரம் ஒருமுறை ஒட்டடைக் குச்சி தேவை.

கேமரா வந்த அன்றே அதன் பாஸ்வேர்டை மாற்றவும். 2016 அக்டோபரில் அமெரிக்காவின் பெரிய இணையத் தளங்கள் பல முடங்கிப் போயின. தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டே மாற்றப்படாத கேமராக்களையும் ரெக்கார்டர்களையும் 'மிராய்' என்ற வைரஸ் பிடித்துக்கொண்டு செய்த வேலை அது. இந்தியாவில் 2025 ஏப்ரல் முதல் இத்தகைய கேமராக்களுக்கு அரசின் பாதுகாப்புச் சோதனை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. பெட்டியில் பிஐஎஸ் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து, பில்லுடன் வாங்கவும். பழைய சரக்கு மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது தள்ளிவிட வந்தால் யோசிக்கவும்.

பக்கத்து வீட்டுக் கிணற்றடியோ ஜன்னலோ கேமராவில் விழாதபடி திருப்பி வைக்க வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் அண்டை வீட்டாரை எட்டிப் பார்க்க அனுமதிக்க முடியாது என்று கேரள உயர்நீதிமன்றம் 2023-ம் ஆண்டிலேயே கூறியிருக்கிறது. திருப்ப முடியாத இடத்தில், காட்சியின் அந்தப் பகுதியை மட்டும் கறுப்பாக மறைக்கும் வசதி பல கேமராக்களின் செட்டிங்கில் உண்டு.

அசம்பாவிதம் ஏதும் நடந்துவிட்டால் அன்றைக்கே அந்த நேரத்துப் பதிவைப் பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். சில நாளில் அதன்மேல் புதிய பதிவு ஏறிவிடும். மூலப் பதிவு இருக்கும் கார்டையோ டிஸ்கையோ அழிக்க வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, இத்தகைய பதிவை நீதிமன்றத்தில் காட்ட ஒரு சான்றிதழும் சேர்த்துத் தர வேண்டும். போலீசாரிடம் கேட்டு அதைச் செய்துகொள்ளலாம். கேமராவின் கடிகாரம் தேதி, மணி சரியாகக் காட்டுகிறதா என்று முன்னமே பார்த்து வைக்கவும்.

வீட்டைப் பூட்டிக்கொண்டு பல நாள் ஊருக்குப் போகிறவர்கள், கேரளப் போலீசின் 'போல் ஆப்' மூலம் முன்கூட்டியே தெரிவித்தால் ரோந்து போகும்போது வீட்டைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. அதற்கும் கட்டணம் கிடையாது. போனில் அதைப் பதிவு செய்யத் தெரியாத பெரியவர்கள், புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு என் வீட்டுப் பக்கம் வந்தால் போதும்.