யூதர்களின் குடும்பப் பெயர்கள்: பிறப்பும் பொருளும்

தமிழ்நாட்டை விட்டு வெளியே குடியேறிய நம் குடும்பங்களை முதலில் தடுமாற வைப்பது விண்ணப்பப் படிவத்தில் இருக்கும் 'சர்நேம்' என்ற கட்டம்தான். நமக்கு இருப்பது சொந்தப் பெயர். அதற்கு முன்னால் தகப்பனார் பெயரின் தலைப்பெழுத்து. சிலருக்கு அதற்கும் முன்னால் ஊரின் தலைப்பெழுத்து. அவ்வளவுதான். கட்டத்தை வெற்றாக விட்டால் குமாஸ்தா ஒப்புக்கொள்ள மாட்டார். சரி போகட்டும் என்று தகப்பனார் பெயரை எழுதினால், வகுப்பில் ஆசிரியர் பையனை அப்பா பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். அப்பாவின் சர்நேம் தாத்தா பெயர், பிள்ளையின் சர்நேம் அப்பா பெயர், அம்மாவுக்கு வேறொன்று. ஒரே வீட்டில் இத்தனை சர்நேமா என்று மும்பையில் நம்மைக் கேட்காதவர்கள் குறைவு.

இந்தச் சங்கடம் நமக்கு மட்டும் வந்ததல்ல. சுமார் இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவின் யூதர்களும் இதே கட்டத்தின் முன்னால் பேனாவோடு நின்றார்கள். அவர்கள் எழுதிய விடைகள்தான் இன்று உலகம் முழுவதும் நாம் கேள்விப்படும் கோல்ட்பர்க், ஷபிரோ, ரோத்ஸ்சைல்ட், கப்லன் முதலிய பெயர்கள். அந்தப் பெயர்கள் எங்கிருந்து வந்தன, என்ன பொருள் என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

தகப்பன் பெயரே அடையாளம்

யூதர்களின் பழைய பெயர் முறை நம்முடையதற்கு மிகவும் பக்கத்தில் இருப்பது. எபிரேய மொழியில் 'பென்' என்றால் மகன், 'பத்' என்றால் மகள். தாவீதின் மகன் யோசேப்பு என்றால் 'யோசேப் பென் தாவீத்'. அவர் மகன் ஆபிரகாம் என்றால் 'அவ்ராஹாம் பென் யோசேப்'. தலைமுறைக்குத் தலைமுறை பின்பகுதி மாறிக்கொண்டே போகும். நிலையான குடும்பப் பெயர் என்று பெரும்பாலோருக்கு எதுவும் கிடையாது.

தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதும் உண்டு. 'பேரன்' என்ற நம் சொல்லே 'பெயரன்' என்பதிலிருந்து வந்ததுதானே! ஆனால் இதில் அவர்களுக்குள் ஒரு வேறுபாடு. ஸ்பெயின் வழிவந்த செபர்தி யூதர்கள் உயிரோடு இருக்கும் தாத்தாவின் பெயரையே பேரனுக்கு வைப்பார்கள். ஜெர்மனி, போலந்து வழிவந்த அஷ்கெனாசி யூதர்கள் காலமானவர் பெயரை மட்டுமே வைப்பார்கள்.

அரசாணை வந்தது

ஊருக்குள் எல்லோரையும் எல்லோருக்கும் தெரிந்திருக்கும் வரை இந்த முறை போதுமானதாக இருந்தது. வரி வசூலிக்கவும், படைக்கு ஆள் எடுக்கவும், கோர்ட்டில் வழக்கு நடத்தவும் வந்த அரசாங்கத்துக்குத்தான் போதவில்லை. தலைமுறைக்குத் தலைமுறை மாறும் பெயரை எந்தப் பதிவேட்டில் எப்படித் தேடுவது?

ஆஸ்திரியப் பேரரசர் இரண்டாம் ஜோசப் 1787 ஜூலை 23 அன்று ஓர் ஆணை பிறப்பித்தார். 1788 ஜனவரி 1 முதல் தம் ஆட்சியில் உள்ள யூதர் ஒவ்வொருவரும் நிலையான குடும்பப் பெயர் கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். ரஷ்யப் பேரரசில் 1804, நெப்போலியனின் பிரான்சில் 1808, பிரஷ்யாவில் 1812, ரஷ்ய ஆதிக்கத்தில் இருந்த போலந்தில் 1821 என்று அடுத்தடுத்துச் சட்டங்கள் வந்தன. பிரஷ்யாவில் குடியுரிமைக்கே இதுதான் நிபந்தனை. ஆறு மாதத்துக்குள் பெயரைத் தேர்ந்துகொள்ள வேண்டும்.

பிராகா, பிராங்க்பர்ட் முதலிய பழைய நகரங்களில் இருந்த பல குடும்பங்களுக்கும் செபர்தி யூதர்களுக்கும் அதற்கு முன்பே குடும்பப் பெயர்கள் இருந்தன. ஆனால் கிழக்கு ஐரோப்பாவின் லட்சக்கணக்கான எளிய குடும்பங்களுக்குப் பெயர் வந்தது இந்தச் சட்டங்களால்தான்.

என்னென்ன பெயர்கள்?

முதலில் பரம்பரைப் பொறுப்பைக் காட்டும் பெயர்கள். பண்டைய ஜெருசலேம் ஆலயத்தில் பூசை செய்த குருமார் 'கோஹென்'. அவர்களுக்குத் துணைநின்ற கோத்திரத்தார் 'லேவி'. இந்த உரிமை தகப்பன் வழியாக மகனுக்கு வருவது. கோஹென் என்பதே கோஹன், கான் என்றெல்லாம் ஆயிற்று. ரஷ்ய மொழியில் 'ஹ' ஒலி இல்லாததால் அங்கே ககன், கோகன். 'கப்லன்' என்பதும் குருவையே குறிக்கும். 'கட்ஸ்' என்பதைப் பூனை என்று நினைப்பவர்கள் உண்டு. அது 'கோஹென் செதெக்', அதாவது நீதியின் குரு என்ற இரு சொற்களின் முதல் எழுத்துகள் சேர்ந்தது. 'செகல்' என்பதும் இப்படியே, 'செகன் லேவியா' என்பதன் சுருக்கம். தலைப்பெழுத்துகளையே பெயராக்கிக்கொண்ட சாமர்த்தியத்தை நாம் ரசிக்காமல் இருக்க முடியுமா!

அடுத்தது ஊர்ப் பெயர்கள். ஜெர்மனியின் ஸ்பையர் நகரிலிருந்து ஷபிரோ, ஹைல்பிரானிலிருந்து ஹால்பெர்ன், பவேரியாவின் குன்ஸ்பர்கிலிருந்து கின்ஸ்பர்க், பொஹீமியாவின் ஹொர்ஷொவிசேயிலிருந்து ஹொரோவிட்ஸ் என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டுகிறார்கள். ஸ்பெயினின் டொலேடோவைச் சேர்ந்தவர்கள் டொலேடானோ. 1492இல் ஸ்பெயின் யூதர்களை வெளியேற்றியது. அதற்குப் பிறகும் மொராக்கோவில் குடியேறிய டொலேடானோக்கள் அந்தப் பெயரை விடவில்லை. ஒன்றைக் கவனியுங்கள்: ஸ்பையரில் இருக்கும்போது ஒருவரை யாரும் 'ஸ்பையர்காரர்' என்று கூப்பிட மாட்டார்கள், எல்லோருமே ஸ்பையர்காரர்தானே. ஊர்ப் பெயர் ஒட்டிக்கொள்வது ஊரை விட்டவருக்குத்தான். மதுரைக்காரர், தஞ்சாவூர்க்காரர் என்று நம்மை அழைப்பதும் நாம் இங்கே வந்த பிறகுதான்.

மூன்றாவது தொழில். தையல்காரர் ஒருவரே மொழிக்கு மொழி எத்தனை வேஷம் போடுகிறார் பாருங்கள்! ஜெர்மன் சொல்லில் ஷ்னைடர், எபிரேயத்தில் ஹயாத், ரஷ்ய மொழியில் போர்ட்னாய், ஸ்லாவியச் சொல்லிலிருந்து கிராவிட்ஸ். பொற்கொல்லர் கோல்ட்ஷ்மிட். வேத நூலைக் கையால் பிரதி எடுப்பவர் சோஃபர். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவர் மெலமெத். ஜெப ஆலயத்தில் பாடுபவர் கன்டர் அல்லது ஹசான்.

நான்காவது பெற்றோர் பெயர். தெஸ்ஸாவ் நகரில் மெண்டல் என்பவரின் மகன் மோசஸ் (1729–1786). அந்தத் தத்துவ அறிஞர் மெண்டல்சோன், அதாவது 'மெண்டலின் மகன்' என்று தம்மை எழுதிக்கொண்டார். அவருடைய பேரன்தான் இசைமேதை பெலிக்ஸ் மெண்டல்சோன் (1809–1847). பெலிக்ஸின் தகப்பனார் பெயர் மெண்டல் இல்லை, ஆபிரகாம். ஆனாலும் அவர் 'மெண்டலின் மகன்'தான்! தலைப்பெழுத்து உறைந்து சர்நேம் ஆகிவிட்டால் இப்படித்தான் ஆகும்.

தாய் பெயரால் வந்தவையும் கணிசமாக உண்டு. ரிவ்காவிலிருந்து ரிவ்கின், தெபோராளிலிருந்து துவோர்கின், சாராவிலிருந்து சோர்கின். கடை கண்ணியை நடத்தியவர்கள் பல குடும்பங்களில் பெண்களே. ஊருக்குத் தெரிந்த பெயர் அவர்கள் பெயர்தான் என்று இதற்குக் காரணம் சொல்வார்கள்.

ஐந்தாவது வீட்டின் அடையாளம். பிராங்க்பர்ட்டின் யூதர் தெருவில் வீடுகளுக்கு எண் இல்லாத காலம். வாசலில் தொங்கும் பலகைச் சின்னமே முகவரி. சிவப்புக் கேடயம் தொங்கிய வீட்டார் ரோத்ஸ்சைல்ட். வங்கித் தொழிலில் உலகப் புகழ் பெற்ற மேயர் ஆம்ஷெல் ரோத்ஸ்சைல்ட் (1744–1812) பிற்பாடு குடியிருந்தது 'பச்சைக் கேடயம்' என்ற வீட்டில். வீடு மாறியது, பெயரின் நிறம் மாறவில்லை.

கடைசியாக அழகுப் பெயர்கள். கோல்ட்பர்க் தங்க மலை, ரோசென்தால் ரோஜாப் பள்ளத்தாக்கு, புளூமென்ஃபெல்ட் பூந்தோட்டம் போன்ற பூவயல். இவற்றுக்கு ஊரும் இல்லை, தொழிலும் இல்லை. சட்டம் கேட்டது, காதுக்கு இனிதாக ஒன்றைச் சொல்லிவிட்டார்கள்.

நம் நாட்டு யூதர்கள்

கேரளத்தில் கி.பி. 1000 வாக்கில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் ஒருவருக்கு உரிமைகள் அளித்த செப்பேடு புகழ் பெற்றது. அது வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. அதில் உள்ள பெயர் 'இஸ்ஸுப்பு இரப்பான்'. யோசேப் ரப்பான் என்ற எபிரேயப் பெயர் நம் நாவுக்கு ஏற்ப உருண்டு வந்த வடிவம் அது. பின்னாளில் மேற்கிலிருந்து கொச்சிக்கு வந்து குடியேறிய யூதர்களுக்கு 'பரதேசி' என்றே பெயர். பிற தேசத்தார் என்பதுதான் பொருள். 1568இல் எழுந்த அவர்களுடைய ஆலயம் இன்றும் மட்டாஞ்சேரியில் பரதேசி ஜெப ஆலயம்தான்.

மும்பைக்கு வருவோம். கொங்கணக் கடற்கரைக் கிராமங்களில் செக்காட்டி எண்ணெய் எடுத்து வாழ்ந்தவர்கள் பெனே இஸ்ரேல் யூதர்கள். சனிக்கிழமை செக்கு ஓட்டாததால் அக்கம்பக்கத்தார் வைத்த பெயர் 'சனிவார் தேலி', சனிக்கிழமை எண்ணெய்க்காரர். அவர்கள் குடும்பப் பெயர்கள் அசல் மராட்டி வழக்கப்படி ஊரோடு 'கர்' சேர்ந்தவை: பென் ஊரார் பென்கர், ரோஹா ஊரார் ரோஹேகர், நவ்காவ் ஊரார் நவ்காவ்கர். அலிபாக் பக்கத்துக் கிஹிம் கடற்கரைக்குச் சுற்றுலா போயிருப்பீர்களே, அவ்வூரார் கெஹிம்கர். 1796இல் மும்பையின் முதல் ஜெப ஆலயத்தைக் கட்டியவரைப் பாருங்கள். அவர் சாமுவேல் எசேக்கியேல் திவேகர்; மராட்டியர் வாயில் 'சமாஜி ஹசாஜி'. சொந்தப் பெயர், தகப்பன் பெயர், ஊர்ப் பெயர் மூன்றும் ஒரே ஆளிடம்!

காலாகோடாவில் டேவிட் சசூன் நூலகத்தைக் கடந்து போகாத மும்பைத் தமிழர் உண்டா? டேவிட் சசூன் (1792–1864) பாக்தாத்தில் பிறந்து மும்பைக்கு வந்த வணிகர். 'சசூன்' என்றால் எபிரேயத்தில் மகிழ்ச்சி. ஆனால் அது அவர் தகப்பனாரின் சொந்தப் பெயர். 'சசூனின் மகன் டேவிட்' என்பதுதான் மும்பையில் டேவிட் சசூன் ஆயிற்று. அவர் பிள்ளைகள் காலத்தில் அது நிலைத்துவிட்டது. கொலாபாவின் சசூன் டாக் (1875) அதைச் சொல்லும். நம் பிள்ளைகள் சர்நேம் கட்டத்தில் இன்று எழுதுவது இதைத்தான்.

சில தவறான நம்பிக்கைகள்

லஞ்சம் கொடுத்தவருக்கு அழகான பெயர், கொடுக்காதவருக்கு அசிங்கமான பெயர் என்று அதிகாரிகள் வைத்ததாக ஒரு கதை பரவலாக உண்டு. இழிவான பெயர்கள் சில இருந்தது உண்மை. மொத்தப் பெயர்களில் அவை மிகச் சிறு பகுதியே என்று பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அமெரிக்காவில் எல்லிஸ் தீவு அதிகாரிகள் பெயரை மாற்றி எழுதிவிட்டார்கள் என்பதும் அப்படியே. கப்பலில் வந்த பட்டியலைச் சரிபார்ப்பதே அவர்கள் வேலை. வேலையிலும் கல்லூரியிலும் கதவு அடைக்கப்பட்டதால் நியூயார்க் நீதிமன்றத்தில் மனுப் போட்டுத் தாங்களாகவே மாற்றிக்கொண்டவர்கள் ஏராளம்.

பெயரை வைத்து ஆளை எடைபோடக் கூடாது என்பதும் முக்கியம். ஷ்னைடர் என்ற பெயர் கிறிஸ்தவ ஜெர்மானியர்களுக்கும் உண்டு. நாஜிக் கட்சியின் சித்தாந்தி ஆல்பிரட் ரோசென்பெர்க் யூதர் அல்லர். பெயரால் யூதரை இனங்காண முடியவில்லை என்பது நாஜி அரசுக்கும் தெரிந்திருந்தது. 1938 ஆகஸ்டில் அது ஓர் ஆணை போட்டது. தான் அனுமதித்த பட்டியலில் இல்லாத பெயர் கொண்ட யூத ஆண்கள் 'இஸ்ரேல்' என்றும், பெண்கள் 'சாரா' என்றும் கூடுதல் பெயர் சேர்த்துக்கொள்ள வேண்டும். வரிக்காகப் பெயர் கேட்ட அரசாங்கம் ஒரு காலம். வேட்டைக்காகப் பெயர் ஒட்டிய அரசாங்கம் இன்னொரு காலம்.

இரண்டு ஏடு

இஸ்ரேல் உருவான காலத்தில் பலர் ஐரோப்பியப் பெயரை உதறி எபிரேயப் பெயர் பூண்டார்கள். டேவிட் குரூன் பென்குரியன் ஆனார். கோல்டா மேயர்சன் 1956இல் கோல்டா மெய்ர் ஆனார். பேச்சு வழக்கில் எபிரேயத்தை மீட்ட எலியேசர் பெர்ல்மன் (1858–1922) வைத்துக்கொண்ட பெயர் 'பென் யெஹூதா', யெஹூதாவின் மகன். அவர் தகப்பனார் பெயர் யெஹூதா லேப். சுற்றிச் சுற்றித் தகப்பன் பெயருக்கே வந்து சேர்ந்தார்!

இத்தனை மாற்றத்திலும் ஒன்று மாறவில்லை. ஜெப ஆலயத்தில் தோரா வாசிக்க அழைக்கும்போதும், திருமண ஒப்பந்தத்திலும், கல்லறைக் கல்லிலும் எழுதப்படுவது 'இன்னார் பென் இன்னார்' என்ற பழைய பெயரே. நோயாளிக்காக ஜெபிக்கும்போது தாய் பெயரைச் சொல்வார்கள். என்னுடன் வேலை பார்த்த பெனே இஸ்ரேல் நண்பர், "பேங்குக்கு ஒரு பேர், ஆண்டவருக்கு ஒரு பேர். ரெண்டும் எனக்குத் தெரியும்" என்பார்.

நமக்கு வேண்டியதும் இதுதான் என்று எனக்குப் படுகிறது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குப் பிறகு சாதிப் பட்டத்தைப் பெயரிலிருந்து நீக்கிய பெருமை தமிழருக்கு உண்டு. சர்நேம் கட்டத்துக்குப் பயந்து அதை மீண்டும் ஒட்டவைக்க வேண்டியதில்லை. கட்டத்தை வெற்றாக விடுவதும் சரிப்படாது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டைச் சுற்றுலா விசாவுக்கு ஏற்கமாட்டோம் என்று அறிவித்தபோது நம்மவர் பலர் திண்டாடிப் போனார்கள். தகப்பனார் பெயரோ ஊர்ப் பெயரோ, ஏதாவது ஒன்றை எழுதுங்கள். பள்ளிச் சான்றிதழ் முதல் பாஸ்போர்ட் வரை அதே எழுத்துக்கூட்டலில் எழுதுங்கள்.

அது அரசாங்கத்தின் ஏடு. வீட்டு ஏடு வேறு. அதில் தாத்தா, கொள்ளுத்தாத்தா, பாட்டிமார் பெயர்களும், அவர்கள் பிறந்த ஊரும் இருக்கட்டும். அந்தத் தலைப்பெழுத்துக்குள் யார் இருக்கிறார், எந்த ஊர் இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு வாய்விட்டுச் சொல்லுங்கள். 'ஊர் பேர் தெரியாதவன்' என்பது நம் மொழியில் வசவு. நம் பேரப்பிள்ளைகளுக்கு அந்த வசவு வராமல் பார்த்துக்கொள்வது படிவம் நிரப்புவதைவிட முக்கியமான வேலை.